பப்பாளித் தண்டும் முனிராஜு வீட்டு மாடும்

காலையில் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனால் ஏழு பப்பாளி மரமும் மொட்டையாக நிற்கிறது. திருப்பதிக்குப் போய் வந்த குடும்பம் வரிசையாக நிற்குமே, அப்படி. கழுத்தைச் சுற்றிக் காய் தொங்குகிறது, மேலே ஒரு இலை இல்லை.

இலையெல்லாம் கீழே கிடந்தது. இலையைத் தாங்குகிற குழாய் மாதிரியான தண்டைத்தான் காணவில்லை.

எனக்குப் புரியவில்லை. ஆடு வந்தால் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை விட்டுப்போகும். இது தண்டை எடுத்துக்கொண்டு இலையை விட்டிருக்கிறது. என் வீட்டுக்காரி லட்சுமம்மா வந்து பார்த்தாள்.

"இலைய வுட்டுட்டு தண்டத் தூக்கிட்டுப் போற திருடன இப்பத்தான் பாக்கறேன்."

"பட்டணத்துக்காரனா இருப்பான். அவனுக்கு எத திங்கறதுன்னு தெரியாது," என்றேன்.

அவள் குனிந்து மண்ணிலிருந்து ஒன்றை எடுத்தாள். நீல ரிப்பன். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் சடையில் கட்டுவது. நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழை இல்லை. சண்டைக்குப் போகும்போது கையில் ஏதாவது இருந்தால் நல்லது.

மூன்று நாள் படிப்பு

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ரொம்பப் பழக்கம் கிடையாது. சின்ன வயதில் மூன்று நாள் போனேன். நாலாம் நாள் எங்கள் எருமை தொலைந்துவிட்டது, தேடப் போனேன். எருமை அன்று சாயங்காலமே தானாக வீடு வந்துவிட்டது. நான்தான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

அதனால்தான் இதையெல்லாம் நான் சொல்ல, மருமகள் சித்ரா எழுதுகிறாள். ஓசூரில் கம்பெனி வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கை ஒழிகிறது. வாரத்தில் ஆறு நாள் நான் வாயை மூடிக்கொண்டு ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிறேன். "எருமை கதை போன மாசமே வந்துடுச்சி மாமா," என்கிறாள் இப்போது. வந்தால் என்ன, வேறு யாராவது புதிதாகப் படிப்பார்கள்.

எங்கள் ஊர் கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து பாதி ஊரை ஏற்றிக்கொண்டு போய்விடும். மீதிப் பாதியில் என்னைப் போலக் கிழடுகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும்தான். அந்தப் பிள்ளைகள்தான் என் மரத்தை மொட்டை அடித்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூட வாசலில் நின்று சத்தம் போட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

வராந்தாவில் அஞ்சாம் கிளாஸ் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பெரிய பக்கெட்டில் தண்ணீர். ஒவ்வொன்றின் வாயிலும் என் பப்பாளித் தண்டு. கன்னம் உப்ப உப்ப உறிஞ்சுகிறார்கள். திருவிழாவில் ஒரே நேரத்தில் பதினெட்டுப் பேர் நாதஸ்வரம் வாசிக்க வந்த மாதிரி இருந்தது. சத்தம்தான் வேறு.

நஸ்ரின் டீச்சர்

டீச்சர் எழுந்து வந்தது. சின்ன வயசு. கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை வழியாக இரண்டு பஸ் மாறி வருகிற பொண்ணு. அப்பாவுக்கு அங்கே ஒயர், சுவிட்ச் விற்கிற கடை.

"ஐயா, மரம் உங்களுதுங்களா? ஆளுக்கு ஒரு தண்டு வீட்ல இருந்து எடுத்துட்டு வாங்கன்னுதான் சொன்னேன்."

"எங்க வீட்ல பப்பாளி இல்ல டீச்சர்," என்றது ஒரு குரல்.

"எங்க வீட்லயும்."

"அப்ப யாரு வீட்லதான் இருக்குது?"

பதினெட்டு விரலும் என்னைக் காட்டின.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "காய் வீணாப் போயிடுங்களாய்யா?"

வெயில் பட்டு வெந்துபோகும் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிற முகத்தைப் பார்த்தால் எனக்குச் சண்டை வராது. அது என் பழைய வியாதி. "என்னா பாடம் இது, தண்டுல?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெசிஸ்டன்ஸ்ங்கய்யா. கம்பியில கரண்ட்டு போறப்ப கம்பி அத எவ்ளோ தடுக்குதுங்கறது. கரண்ட்ட கண்ணால காட்ட முடியாதுல்ல, அதான் தண்ணியில காட்டறேன். அப்படியே கரண்ட்டு மாதிரி இருக்காது, ஆனா புள்ளைங்களுக்குப் புரியும்."

கரண்ட் என்றதும் நான் குடையைச் சுவரில் சாய்த்தேன். நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் மோட்டார் கதையைச் சொல்லியாக வேண்டும்.

உறுமுகிற மோட்டார்

இந்தத் தண்டு விவகாரம் நடந்த வருசம் நாங்கள் சாமந்தி போட்டிருந்தோம். ஆயுத பூஜைக்கு ஓசூர் கம்பெனிக்காரர்கள் மெஷினுக்கெல்லாம் மாலை போடுவார்கள். ஆள் உயர மெஷினுக்கு ஆள் உயர மாலை. அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் எங்கள் பக்கம் சாமந்தி நடுகிறோம்.

மொட்டு வைத்துவிட்டது. மழை ஏமாற்றிவிட்டது. பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கிறது. இன்னும் மூன்று நாளில் தண்ணீர் பாயாவிட்டால் மொட்டு கருகிவிடும். போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார்தான் எடுக்க மாட்டேன் என்கிறது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமும். தண்ணீர் கேட்ட பாவத்துக்குத் திட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டு தடவை உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி கருகி, கடையில் புதிதாகக் கட்டிக் கொண்டுவந்து மாட்டியதுதான்.

லட்சுமம்மா குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்தாள். நாற்றெல்லாம் அவள் கையால் நட்டது. "என் தம்பியக் கேளு, அவன் மோட்டார்ல இருந்து ஒரு ஓஸ் இழுத்து வுட்டுக்கலாம்," என்றாள்.

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"சாவப்போறது நீ இல்ல, செடி."

அவள் தம்பி முனிராஜு. என் மச்சான். மேட்டு நிலம் அவனுடையது, பள்ளத்து நிலம் என்னுடையது. இரண்டு பேருக்கும் ரோட்டோரத்தில் இருக்கிற ஒரே கம்பத்திலிருந்துதான் கரண்ட். அவன் மோட்டார் கம்பத்துக்குப் பக்கத்தில். என் மோட்டார் ஏரிக்கரை ஓரத்தில், கம்பத்துக்கு ரொம்ப தூரம்.

எட்டு வருசம் இருக்கும், ஒன்பதும் இருக்கலாம். முனிராஜு அத்திப்பள்ளிக்குப் போய்ப் பெரிய மோட்டார் ஒன்று வாங்கி வந்து மாட்டினான். அந்த வாரத்திலிருந்துதான் என் மோட்டார் உறும ஆரம்பித்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? லைன்மேன் வந்து கம்பத்தடியில் இருந்த என் பெட்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தார். "இங்க சரியாத்தான் வருது, உங்க லைன நடந்து பாருங்க," என்றார். முனிராஜு வீட்டில் அவர் காபி குடித்ததை அதற்கு முன் நானே கண்ணால் பார்த்திருந்தேன். அதனால் நடந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பேச்சு நின்றது.

நடுவில் ஒரு மாடு

நின்றது என்று சொன்னேனே, முழுசாக நிற்கவில்லை. வரப்பு ஒன்றாக இருக்கும்போது முழுசாக எப்படி நிற்கும்? மழைத்தண்ணீர் யார் பக்கம் வடியும், வரப்பில் புல் யார் அறுப்பது, எல்லாவற்றுக்கும் பேச வேண்டியிருந்தது.

முனிராஜுவுக்கு ஒரு மாடு இருந்தது. ஒரு கொம்பு ஒடிந்த ஜெர்சி. வரப்பில்தான் கட்டியிருப்பான். நாங்கள் அந்த மாட்டிடம் பேசிக்கொண்டோம்.

"ஏம்மா, உங்க ஆளு வரப்ப ஒரு அடி வெட்டிட்டாரே, பாத்தியா?" என்பேன் நான், மாட்டைப் பார்த்து.

"வெட்டல, பெருச்சாளி பறிச்சிதுன்னு சொல்லு," என்பான் அவன், அதே மாட்டைப் பார்த்து.

"எந்தப் பெருச்சாளி மம்முட்டி வெச்சிருக்குதுன்னு கேளு."

மாடு இரண்டு பேரையும் பார்த்து அசைபோடும். என் பெண் கல்யாணத்துக்குத் தாய்மாமன் முறைக்கு அவன் வந்தே ஆகவேண்டும். அந்தத் தேதியைக் கூட மாட்டிடம்தான் சொன்னேன். வந்தான். மாலை போட்டான், பட்டம் கட்டினான், சாப்பிட்டான். "மாமா" என்ற ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. என் வாயிலிருந்து "மச்சான்" வரவில்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ் என்று மூன்று பாஷை பேசுகிற ஆட்கள் நாங்கள். ஒன்றிலும் பேசிக்கொள்ளவில்லை.

லட்சுமம்மா தம்பி வீட்டுக்குப் போவதென்றால் எனக்குத் தெரியாமல் ராகிக் கொல்லை வழியாகப் பின்பக்கம் போவாள். எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது முந்தானையெல்லாம் ராகிப் பூட்டைக் கதிர் உரசின தூசி இருக்கும். நான் கேட்டதில்லை.

சரி, வராந்தாவுக்கு வருகிறேன். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எங்கெங்கோ போய்விட்டேன்.

பக்கெட்டுதான் கம்பம்

டீச்சர் பிள்ளைகளைக் கேட்டது: "குட்டைத் தண்டு, நீளத் தண்டு. எதுல சீக்கிரம் வருது?"

"குட்டை."

"தடிச்சது, ஒல்லியானது?"

"தடிச்சது டீச்சர். ஒல்லியில உறிஞ்சினா காது வலிக்குது."

"கம்பியும் அப்படித்தான். நீளம் ஏற ஏற, ஒல்லியாக ஒல்லியாக, ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி. எதுல செஞ்ச கம்பிங்கறதும் முக்கியம். செம்பு சுலபமா வுடும். இரும்பு மொரண்டு புடிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பியது. "ஐயா தோட்டத்துல மோட்டார் இருக்குதுங்களா? எப்படி ஓடுது?"

எட்டு வருசமாக இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் மரியாதையாகக் கேட்டதில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்கம்மா ஓடறது. உறுமிட்டு நிக்குது. கம்பத்துக்குப் பக்கத்துல ஒருத்தன் பெரிய மோட்டாரு போட்டு மொத்தக் கரண்ட்டயும் குடிச்சிடறான். மேமடைக்காரன் மடைய அடச்சிக்கிட்டா கடமடைக்கு என்னா வரும்? சகதிதான் வரும்."

வட்டத்தில் ஒரு பெண் எழுந்தது. ஒரு சடையில் நீல ரிப்பன் இருந்தது, இன்னொன்றில் இல்லை.

"டீச்சர், அவுரு எங்க தாத்தாவச் சொல்றாரு."

முனிராஜுவின் பேத்தி காவ்யா. நான் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் பாவம், அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

"எங்க தாத்தா குடிக்கல," என்றது காவ்யா.

"நான் யாரு பேரயும் சொல்லலம்மா," என்றேன்.

"கம்பத்துப் பக்கத்துல எங்க தாத்தா மட்டுந்தான் இருக்குது. வேணும்னா பாத்துக்கலாம். இந்த பக்கெட்டுதான் கம்பம். நான் எங்க தாத்தா மோட்டாரு. நீங்க உங்க மோட்டாரு."

அது ஒரு தடித்த குட்டைத் தண்டை எடுத்துக்கொண்டு பக்கெட் ஓரம் உட்கார்ந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். டீச்சர் தடுக்கும் என்று பார்த்தேன். அதற்கும் கண்ணில் ஆசை வந்துவிட்டது.

"அப்ப ஐயா கம்பி எப்படி இருக்குதுன்னு கேட்டு, அதே மாதிரி குழாய் செஞ்சு குடுங்க. ஐயா, எத்தன கம்பி?"

"மூணு. நல்ல கம்பிதான். என்னா, நடுவுல அந்தப் புளிய மரத்துக் கெளை ஒடிஞ்சி வுழுந்தப்ப ஒண்ணு அறுந்துச்சி. கையில ஒயரு இல்ல. பந்தல் கம்பி கெடந்துச்சி, எடுத்து முறுக்கிவுட்டேன்."

"பந்தல் கம்பின்னா?"

"பாகக்காய்ப் பந்தலுக்குக் கட்டுவோமே. நல்ல கெட்டி."

"இரும்புக் கம்பிங்களா?" டீச்சர் மெதுவாகக் கேட்டது. "எவ்ளோ நீளங்கய்யா?"

"கைய விரிச்சி அளந்தா ஒரு நாப்பது மார் இருக்கும். நாளைக்கு மாத்திக்கலாம்னு போட்டது."

"எப்ப போட்டதுங்க?"

நான் யோசித்தேன். கிளை விழுந்த வருசம்... முனிராஜு அத்திப்பள்ளியிலிருந்து மோட்டாரை வண்டியில் கொண்டுவந்தபோது அந்தக் கிளைதான் வழியில் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் இழுத்துப் போட்டோம். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அது.

"எட்டு வருசம் ஆச்சி," என்றேன்.

"எங்கப்பா இதக் கேட்டா கடைய மூடிட்டு உங்க தோட்டத்துக்கு வந்துடுவாருங்கய்யா," என்றது டீச்சர்.

நான் குடித்த தண்ணீர்

குழாய் தயாராகிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு தடித்த தண்டு, அந்தப் பக்கம் ஒரு தடித்த தண்டு, நடுவில் நுனி வெட்டிக் கழுவின காலி பேனா ரீஃபில். சந்தில் கறுப்பு டேப்.

"ரீஃபில்தாங்க பந்தல் கம்பி," என்றது ஒரு பிள்ளை. இன்னொன்று என் வாயில் வைத்துவிட்டது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

காவ்யா கடகடவென்று உறிஞ்சுகிறது. நான் இழுக்கிறேன். கன்னம் உள்ளே போய் பல் இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வருகிறது, வாயில் வரவில்லை. நாலு சொட்டு வந்தது, அதுவும் நீலமாக.

நான் வாயை எடுத்து, "பாருங்க. அவ குடிக்கறா, எனக்கு வர்ல. அதத்தான நானும் சொன்னேன்," என்றேன். கொஞ்சம் தைரியம் திரும்பியிருந்தது.

காவ்யா தண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்தது. உதறியது. மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டது.

"எங்க தாத்தா மோட்டார ஆஃப் பண்ணிட்டேன். இப்ப குடிங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கெட் நிறையத் தண்ணீர் எனக்கு மட்டும். பதினேழு பிள்ளைகள் என் வாயையே பார்க்கிறார்கள். இழுத்தேன். காது அடைத்தது. பக்கத்தில் ஒரு பையன், "தாத்தா உறுமறாரு," என்றான். உண்மைதான், என் தொண்டையிலிருந்து 'ம்ம்ம்' என்று சத்தம் வந்தது. எனக்கு ரொம்பப் பழகின சத்தம்.

நாலு சொட்டு. முன்னே வந்த அதே நாலு சொட்டு.

"அவுரு எடுக்கல தாத்தா," என்றது காவ்யா. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னது. "உங்க கம்பிதான் வுடல."

டீச்சர் வந்து ரீஃபிலைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பப்பாளித் தண்டைச் செருகி டேப் ஒட்டியது. "இப்ப ஒரு தடவைங்கய்யா."

பழைய பலத்திலேயே இழுத்துவிட்டேன். தண்ணீர் வாய்க்கு வந்தது, தொண்டைக்குப் போனது, மூக்கு வழியாக வெளியே வந்தது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். டீச்சர் என் தலையில் தட்டியது. காவ்யாதான் ஓடிப்போய் என் குடையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது. குடையால் மூக்கைத் துடைக்க முடியாது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

நீல நாக்கு

நேராகப் புளிய மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். இலைக்குள் கறுத்துத் துருவேறி அது கிடந்தது. பாகற்கொடி ஒன்று பழைய ஞாபகத்தில் அதில் ஏறிப் படர்ந்திருந்தது. எட்டு வருசம் அதன் அடியிலேயே நடந்து போய் முனிராஜுவைத் திட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் லட்சுமம்மா கேட்டாள்: "நாக்கு ஏன் நீலமா கீது?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"எட்டு வருசம் என் தம்பி வீட்டுக்குத் திருடி மாதிரி பின்னால போயிருக்கேன். ஒரு பந்தக் கம்பிக்கா?"

மறுபடியும் குடையை எடுத்தேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாட்டிடம் எப்படி ஆரம்பிப்பது? 'ஏம்மா, உங்க ஆளுகிட்ட சொல்லு, தப்பு எங்க பக்கந்தான்னு.' இது சரி. பிறகு தண்ணீர் விசயம். மன்னிப்பை மாட்டிடம் கேட்பது சுலபம், அதுக்கு முகத்தில் ஒன்றும் மாறாது.

வரப்பில் மாடு இல்லை. இரண்டு மாசமாகவே அங்கே பார்க்கவில்லை, வீட்டில் கட்டியிருப்பான் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் வெறும் முளைக்குச்சி. முனிராஜு அங்கே உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். நான் முளைக்குச்சியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.



"மாட்ட வித்தாச்சி மாமா," என்றான். "நேராத்தான் சொல்லணும்."

எட்டு வருசம் கழித்துக் காதில் விழுந்த 'மாமா'. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

"மச்சான், நடுவுல பந்தக் கம்பி கட்டியிருந்தேன்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"பந்தக் கம்பின்னு. மரத்துப் பக்கம் போறப்பல்லாம் பாக்கறனே."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னேன். அப்பவே மாட்டுகிட்ட சொன்னேன். 'கம்பிய மாத்தச் சொல்லு'ன்னு. நீங்க வரப்பு வெட்டினதத்தான் கேட்டுட்டு நின்னீங்க."

கம்பி என்று ஏதோ சொன்னது எனக்கும் ஞாபகம் வந்தது. வேலிக் கம்பியைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, 'என் வேலி என் இஷ்டம்னு சொல்லு' என்று அந்த மாட்டிடமே பதில் கொடுத்திருக்கிறேன்.

முனிராஜு செதுக்கின காம்பைக் கீழே வைத்தான். "காவ்யா மத்தியானம் ஸ்கூல்ல இருந்து வந்து எல்லாம் சொல்லிடுச்சி. மூக்குல தண்ணி வந்ததக் கூட." சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. உள்ளே அடுப்படியில் யாரோ பாத்திரத்தைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"மரத்துல நீங்க ஏறாதீங்க. லைன்மேன வரச்சொல்லி, கரண்ட்ட நிறுத்திட்டு மாத்திக்கலாம். இன்னிக்கி சாயங்காலமே நான் ஓஸ் இழுத்து வுட்டுடறேன், செடி வாடுது."

"பாத்தியா செடிய?"

"தினம் பாக்கறேன் மாமா. கேப்பீங்கன்னு பாத்தேன்."

தண்ணீர் பாய்ந்தது. மேட்டுப் பக்கம் நாலு சால் கருகினது கருகினதுதான். மீதியெல்லாம் பூத்தது. லைன்மேன் வந்து கம்பியை மாற்றினபோது முனிராஜு வீட்டில் அவரோடு சேர்ந்து நானும் காபி குடித்தேன். மோட்டார் உறுமவில்லை. அவிழ்த்த பந்தல் கம்பியை லட்சுமம்மா துணி காயப்போடக் கட்டிக்கொண்டாள். என் வேட்டி மட்டும் அதில்தான் காய வேண்டும் என்பது அவள் போட்ட தண்டனை. தம்பி வீட்டுக்கு இப்போது நடுரோட்டில், நாலு பேர் பார்க்கப் போகிறாள். சும்மாவே போகிறாள்.

பூஜை முடிந்த வாரம் முனிராஜு கெலமங்கலம் சந்தைக்குப் போய் வேறு ஒரு மாடு பிடித்து வந்தான். இரண்டு கொம்பும் முழுசாக இருந்தது. வரப்பில் கொண்டுவந்து கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"மாமா, இதுகிட்ட பாலு மட்டுந்தான் கேக்கணும்."